ஜோனின் வாரிசு

1431-ல் ரூவான் நகரில் ஜோன் ஆப் ஆர்க்கை உயிரோடு கொளுத்தினார்கள். சாட்டிய குற்றங்களுள் ஒன்று, அவள் ஆணுடை தரித்தது. இந்தச் சரித்திரத்தைத் தம் குலக்கதையாகவே படித்தவர் லெஸ்லி பைன்பெர்க் (1949–2014). அமெரிக்காவில் பெண்ணுடலோடு பிறந்து, ஆணுடையில் நடமாடியவர், ஆலைத் தொழிலாளி, பிறகு 'வொர்க்கர்ஸ் வேர்ல்ட்' பத்திரிகையின் நிர்வாக ஆசிரியர். 1996-ல், ஜோன் முதலான திருநர் பரம்பரையைத் தேடித் தொகுத்து ஒரு நூலே எழுதினார்.

பழங்கதைதானே என்று நாம் தள்ளிவிட முடியாது. ஒரு சமயம் 104 டிகிரிக்கு மேல் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். பரிசோதித்த டாக்டர், பெண்ணுடல் என்று கண்டதும் வெளியே போகச் சொல்லிவிட்டார். அதையும் அவரே எழுதிவைத்திருக்கிறார்.

ஆங்கிலத்தில் 'அவன்', 'அவள்' இரண்டும் அவருக்குப் போதவில்லை. 'ஸீ' என்ற புதுச் சொல்லையும் வழங்கினார். எனக்கு அந்தச் சிரமமில்லை. தமிழில் 'அவர்' இருக்கிறது. சொல்லில் உள்ள மரியாதை ஆஸ்பத்திரி வாசலிலும் இருக்க வேண்டாமா?