வகுப்பறைக்கு வந்த கருவிகள்

நம் நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்குப் புதிய கருவி ஒன்று வந்து சேரும்போதெல்லாம் இரண்டு குரல்கள் எழுவது வழக்கம். இனி ஆசிரியரே வேண்டியதில்லை என்பது ஒன்று. பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பது மற்றொன்று. வானொலி வந்த நாளில் இவ்விரு குரல்களும் எழுந்தன. தொலைக்காட்சி வந்தபோதும், கணிப்பொறி வந்தபோதும் எழுந்தன. கைபேசி குழந்தையின் கைக்கே வந்துவிட்ட இந்நாளிலும் அவை ஓயவில்லை. கடந்த தொண்ணூறு ஆண்டு வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்போமானால், இரண்டுமே முழு உண்மையல்ல என்பது விளங்கும். கருவியினால் பயன் விளைந்த இடங்களில் அதற்குக் காரணமாயிருந்தவர் பெரும்பாலும் ஆசிரியரே. ஆயினும், முந்தைய கருவிகள் எழுப்பாத புதிய கேள்வி ஒன்றை நம் காலத்துக் கருவி எழுப்பியிருக்கிறது.

சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924இல் தோன்றிய வானொலிக் கழகம், பொருள் முட்டுப்பாட்டால் 1927இல் ஓய்ந்தது. அப்பணியை மேற்கொண்ட சென்னை மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பைத் தொடங்கி, தன் பள்ளிச் சிறுவர்களுக்கென்றும் நேரம் ஒதுக்கியது. 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. பின்னர்ப் பள்ளி ஒலிபரப்பு நாட்டின் பல நிலையங்களிலும் பல மொழிகளிலும் வேரூன்றியது. அதற்கென ஒரு முறையும் உருவாயிற்று. எந்த நாளில் என்ன பாடம் ஒலிபரப்பாகும் என்பதை அச்சிட்டு முன்கூட்டியே பள்ளிகளுக்கு அனுப்புவார்கள். ஆசிரியர் அதைப் படித்து, வகுப்பை ஆயத்தம் செய்து, ஒலிபரப்பு முடிந்தபின் கேள்விகள் கேட்டு, ஐயம் நீக்க வேண்டும். இவ்வாறு செய்த பள்ளியில் வானொலி பாடமாயிற்று; செய்யாத பள்ளியில் அது வெறும் ஓசையாய் நின்றது.

தில்லியில் 1959 செப்டம்பரில் தொடங்கிய தொலைக்காட்சி, 1961 அக்டோபரில் உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பாடம் நடத்த முற்பட்டது. அன்று தலைநகரப் பள்ளிகள் பலவற்றில் நல்ல ஆய்வுக்கூடம் இல்லை. அறிவியல் ஆசிரியர்களும் போதவில்லை. ஆகவே இயற்பியல், வேதியியல் சோதனைகளை ஓரிடத்தில் செம்மையாகச் செய்து, எல்லா வகுப்புகளும் காணச் செய்தார்கள். இங்கும் படத்துக்கு முன்னர்ச் சிறிது நேரமும் பின்னர்ச் சிறிது நேரமும் வகுப்பாசிரியருக்கே உரியதாயிருந்தது.

இவ்வரலாற்றில் மிகப் பெரிய சோதனை 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை ஓராண்டுக் காலம் நடைபெற்றது. ஏ.டி.எஸ். 6 என்னும் அமெரிக்கச் செயற்கைக் கோளின் வாயிலாக, ஆந்திரப் பிரதேசம், பீகார், கருநாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, இராசஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி சென்றது. பல ஊர்களில் பள்ளிக்கூடத்திலேயே பெட்டியை வைத்தார்கள். கம்பி வலையால் ஆன அலைவாங்கி ஒன்று வெளியே வானை நோக்கி நிற்கும். காலை வேளையில் இந்தி, கன்னடம், ஒரியா, தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளில், மொழி ஒன்றுக்கு இருபத்திரண்டரை நிமிடம் குழந்தைகளுக்கான நிகழ்ச்சி வந்தது. அதே கருவியைக் கொண்டு ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்தார்கள். தொலைக்காட்சி, வானொலி, அச்சிட்ட பாடம், நேரில் வழிகாட்டி ஆகிய நான்கையும் இணைத்து, ஏறத்தாழ 48,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் அறிவியல் கற்பிக்கும் முறையைக் கற்றனர்.

இதன் விளைவைப் பின்னர் ஆய்ந்தார்கள். குழந்தைகளின் மொழித் திறனும் அறியும் ஆவலும் வளர்ந்திருந்தன. ஆனால் பள்ளியில் சேர்வோர் தொகை கூடவில்லை. இடையில் நின்றுவிடுவோர் தொகை குறையவுமில்லை. இது வியப்பன்று. வறுமையும் வயல் வேலையும் ஒரு குழந்தையை வீட்டோடு நிறுத்தியிருக்கும்போது, பள்ளியில் ஒளிரும் படம் அதனை அழைத்து வந்துவிடாது. கருவியால் எது ஆகும், எது ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுவதில்லை.

1984இல் நடுவணரசு உயர்நிலைப் பள்ளிகளில் கணிப்பொறி அறிவைப் பரப்பும் திட்டம் ஒன்றைத் தொடங்கி, ஏறத்தாழ 250 பள்ளிகளுக்குப் பிரிட்டனின் பி.பி.சி. மைக்ரோ பொறிகளை அளித்தது. கணிப்பொறியைப் பற்றிப் பிள்ளைகள் அறிந்துகொண்டார்கள். ஆனால் கணக்கையும் வரலாற்றையும் கற்க அது துணையாவதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின. கல்விக்கென்றே அமைந்த எடுசாட் என்னும் செயற்கைக் கோளை 2004 செப்டம்பர் 20ஆம் நாள் சிறீஹரிகோட்டாவிலிருந்து நம் அறிவியலாளர் செலுத்தினர். தொலைவில் உள்ள மாணவன் ஆசிரியரிடம் கேள்வி கேட்பதற்கும் அதனால் வழி பிறந்தது.

2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, கருவி துணையாயிருந்த நிலை மாறி, பலருக்கு அதுவே பள்ளியாயிற்று. சிற்றூர்ப் பிள்ளைகளின் வீடுகளில் திறன்பேசி உள்ளவை 2018இல் நூற்றுக்கு 36.5 ஆக இருந்து, 2020இல் 61.8 ஆயிற்று என அசர் என்னும் கல்விக் கணக்கெடுப்பு காட்டியது. ஆயினும் அவ்வாண்டு கணக்கெடுத்த வாரத்தில் பள்ளியிலிருந்து பாடப்பொருள் ஏதேனும் கிடைத்த பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்கினர்தாம். கருவி வீட்டுக்கு வந்துவிட்டது. கல்வி அதனுடன் வந்து சேரவில்லை.

கேரளம் இவ்விடையூற்றை வேறு வகையில் அணுகியது. 2020 ஜூன் முதல் நாளன்று அம்மாநிலம் தொலைக்காட்சி வழியே பாடங்களைத் தொடங்கியது. தொலைக்காட்சியோ இணையமோ இல்லாத மாணவர் ஏறத்தாழ 2.6 லட்சம் பேர் எனக் கணக்கிட்டு, ஊர் நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் அவர்கள் கூடிக் கற்க ஏற்பாடு செய்தது. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழ்வழி மாணவருக்கெனத் தமிழிலும் பாடங்கள் ஆயத்தமாயின. பாடம் முடிந்தபின் பிள்ளைகளுடன் பேசி ஐயம் தீர்ப்பது அங்கும் வகுப்பாசிரியரின் கடமையாயிருந்தது. பழைய பள்ளி ஒலிபரப்பின் முறை புதிய உருவில் திரும்பியது எனலாம்.

இனி அந்தப் புதிய கேள்விக்கு வருவோம். வானொலிப் பெட்டி பேசியது. தன் முன் அமர்ந்திருப்பவர் யார் என்பதை அது அறியாது. தொலைக்காட்சியும் அத்தகையதே. இன்றைய கருவியோ குழந்தையின் பெயர், வயது, இருக்கும் இடம், எதை எவ்வளவு நேரம் பார்த்தது என்பவற்றையெல்லாம் குறித்துக்கொள்ள வல்லது. பெருந்தொற்றுக் காலத்தில் 49 நாடுகளில் வழங்கிய 160க்கு மேற்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்னும் அமைப்பு, அவற்றுள் பத்தில் ஒன்பது பங்கு குழந்தைகளின் உரிமைக்கு ஊறு செய்தன அல்லது செய்யக்கூடியனவாயிருந்தன என்று 2022இல் அறிவித்தது. நம் நாட்டில் 2023இல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைப் பெறப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவு வேண்டும் என்று விதிக்கிறது. குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரங்களையும் தடுக்கிறது. ஆயினும் எச்சட்டமும் வகுப்பறைக் கதவருகே வந்து காவல் நிற்பதில்லை. அக்காவல் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் உரியது.

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம்மவர்க்கு இச்செய்தி மிகவும் நெருங்கியது. நம் பிள்ளைகளில் பலர் பயிலும் பள்ளியில் தமிழ் ஒரு பாடமாக இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ச் சங்கம் நடத்தும் வகுப்பும், வீட்டில் பாட்டி சொல்லும் கதையுமே அவர்களுக்குத் தமிழ். 1999இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டின் பயனாக 2001இல் தோன்றிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரில், வெளியில் வாழும் தமிழர்க்குப் பாடங்களையும் நூல்களையும் இணையத்தில் அளித்து வருகிறது. முந்தைய தலைமுறைக்குக் கிட்டாத பேறு இது. கருவியே வேண்டாம் என்று ஒதுக்கினால் நம் குழந்தை இழப்பது அதன் தாய்மொழியை.

ஆகவே அதனைப் பயன்படுத்தும் முறையை நாம் வகுத்துக்கொள்ள வேண்டும். 2020இல் நடுவணரசு வெளியிட்ட நெறிமுறை, எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் கொண்ட இரண்டு வகுப்புகளுக்கு மேல் கூடாது என்றது. அவ்வளவு இன்றும் நல்ல அளவே. படம் தொடங்குமுன் இன்று எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லுக; முடிந்ததும் கண்டதைக் குழந்தை தன் வாயால் தமிழில் சொல்லக் கேளுங்கள். புதிய செயலியை ஏற்குமுன் அது என்னென்ன விவரம் கேட்கிறது என்று பாருங்கள். பாடத்துக்கு வேண்டாத விவரத்தைக் கொடாதீர்கள். சிறுவரின் வகுப்புக் குழு பெற்றோரின் எண்ணில் இயங்கட்டும். பிள்ளைகளின் படத்தைப் பெயருடன் பொதுவில் வெளியிட வேண்டாம். முன்பின் அறியாதவர் படமோ முகவரியோ கேட்டால், அதை உடனே சொல்வதற்குக் குழந்தை அஞ்சாதிருக்க வேண்டும். சொன்னதற்காக அதன் கையிலிருந்து கருவியைப் பறிக்கலாகாது. பறித்தால் அடுத்த முறை அது சொல்லாது. இடர் நேர்ந்தால் குழந்தைகள் உதவிக்கு 1098 என்ற தொலைபேசி எண்ணும், இணையவழிப் பண மோசடிக்கு 1930 என்ற எண்ணும் உள்ளன.

பள்ளிக்கு வந்த கருவிகள் பல மாறிவிட்டன. ஒலிபரப்பு முடிந்தபின் வகுப்பை நோக்கி, "இப்பொழுது நீ என்ன கேட்டாய், சொல்" என்று வினவிய அந்நாளைய ஆசிரியரின் பணி மாறவில்லை. அவ்வினாவைக் கேட்க வீட்டில் ஒருவரும் வகுப்பில் ஒருவரும் இருக்கும்வரை, நம் குழந்தைகள் எந்தக் கருவியைக் கொண்டும் கற்பார்கள்.