பத்தியமும் இன்சுலினும்

நோய்களுக்கு நம் முன்னோர் இட்ட பெயர்களுள் பொருள் செறிந்தவை பல. நீரிழிவு அவற்றுள் ஒன்று. நீர் இழிதலாவது நீர் இறங்கி ஒழுகுதல். கிரேக்கர் வழங்கிய ‘டயபிடிஸ்’ என்னும் சொல்லும் ஊடே ஒழுகிச் செல்வதையே குறிக்கும். மலேசியத் தமிழர் இதனை இனிப்புநீர் என்பர். வடமொழி மருத்துவ நூல்கள் மதுமேகம் என்றன. நோயாளியின் சிறுநீரை எறும்பு மொய்ப்பதையும் அவை அறிந்திருந்தன. பிறவியிலேயே அமைந்து மெலிந்தவரை வாட்டுவது ஒன்று, மிகுதியாக உண்டு பருத்தவரைப் பின்னர்ப் பற்றுவது ஒன்று எனச் சுசுருதர் மரபினர் இதனை இரண்டாகவும் பிரித்தனர். மேலைநாட்டு மருத்துவத்தில் இத்தகைய பிரிவு உறுதி பெறத் தொடங்கியது 1936இல் ஹிம்ஸ்வொர்த் என்னும் ஆங்கிலேய மருத்துவர் எழுதிய பிறகே.

இவ்விரண்டையும் பிரித்தறியாமல் உணவைப் பற்றிப் பேசுதல் பெருந்தீங்காக முடியும். மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பை மிகுத்து உண்ணும் முறை, ‘பேலியோ’ என்றும் ‘கீட்டோ’ என்றும் பெயர் பெற்று இன்று தமிழரிடையே பரவியுள்ளது. இரண்டாம் வகை நீரிழிவினருள் இதனால் மாத்திரையைக் குறைத்தோர் உண்டு. ஆனால் முதல் வகை நீரிழிவில் இன்சுலினைச் சுரக்கும் அணுக்களே அழிந்துபோகின்றன. அந்நோயுற்ற சிறுவனின் வீட்டை இச்செய்தி எட்டும்போது, ‘ஊசி வேண்டா, உணவே போதும்’ என்று திரிந்துவிடக் கூடும். உணவு மட்டும் போதுமா என்னும் வினாவிற்கு வரலாறு முன்னரே விடை கூறியிருக்கிறது.

நீரிழிவாளர் சிறுநீரில் உள்ள இனிப்பு சர்க்கரையே என 1776இல் மாத்யூ டாப்சன் காட்டினார். 1797இல் ஜான் ராலோ என்னும் படைமருத்துவர், மெரிடித் என்னும் படைத்தலைவருக்குத் தானிய உணவை விலக்கி, இறைச்சியும் கொழுப்பும் குருதியிற் செய்த பண்டமும் கொடுத்து நோயைத் தணித்ததை நூலாக வெளியிட்டார். மெரிடித் பருத்த உடலினர். அவரை வாட்டியது இரண்டாம் வகையே எனக் கருத இடமுண்டு. 1870இல் பாரிசு நகரம் முற்றுகையிடப்பட்டு மக்கள் பட்டினி கிடந்தபோது, தம் நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை மறைந்ததை பூஷார்தா என்னும் மருத்துவர் கண்டார். பஞ்சமே ஒரு மருத்துவச் சோதனையாயிற்று.

1889இல் மிங்கோவ்ஸ்கியும் வான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை நீக்க, அதற்கு நீரிழிவு வந்தது. நோயின் இருப்பிடம் தெரிந்துவிட்டது. மருந்து மட்டும் கிட்டவில்லை. எனவே மருத்துவர் உணவையே மேலும் இறுக்கினர். நியூயார்க்கில் பிரடெரிக் ஆலன், நோயாளியை முதலில் பட்டினியிட்டுப் பின் சர்க்கரை தோன்றாத அளவிற்கே உணவளித்தார். மிச்சிகனில் நியூபர்க், மார்ஷ் ஆகியோரும், சுவீடனில் பெட்ரேனும், புரதத்தையும் மாவுச்சத்தையும் சுருக்கிக் கொழுப்பைப் பெருக்கும் பத்தியத்தைக் கையாண்டனர். இன்று புதியது எனப் போற்றப்படும் முறை ஏறத்தாழ நூறாண்டு பழையது.

அதன் பயன் யாது? எலிசபெத் ஹியூஸ் என்னும் அமெரிக்கச் சிறுமிக்கு 1919இல், பதினொன்றாம் வயதில், நோய் கண்டது. அவள் ஆலனின் பத்தியத்தை மிக்க உறுதியுடன் காத்தாள். 1922 ஆகஸ்டில், ஏறத்தாழ பதினைந்து வயதை எட்டிய அவளுடைய எடை 45 பவுண்டு. அதாவது 20 கிலோ அளவே. பத்தியம் அவளுக்கு மூன்றாண்டு வாழ்வை ஈட்டித் தந்தது என்பதை மறுக்கலாகாது. அதற்குமேல் தர அதனிடம் ஒன்றுமில்லை.

டொரொன்டோ நகரில் 1921இல் பேன்டிங்கும் பெஸ்டும் மெக்லியோடின் ஆய்வுக்கூடத்தில் கணையச் சாற்றைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரி 11ஆம் நாள் லியோனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது செலுத்தப்பட்டது, போதிய பயனில்லை. காலிப் தூய்மை செய்த சாற்றை 23ஆம் நாள் செலுத்தியபோதுதான் சர்க்கரை இறங்கியது. எலிசபெத்தும் அவ்வாண்டே டொரொன்டோ சென்று மருந்து பெற்றாள். அவள் மறைந்தது 1981இல்.

இன்சுலின் இல்லாத உடல் சர்க்கரையைப் பயன்படுத்த இயலாமல் கொழுப்பைக் கட்டின்றி உருக்குகிறது. அதிலிருந்து கீட்டோன் என்னும் அமிலப் பொருள்கள் பெருகிக் குருதியைப் புளிக்கச் செய்கின்றன. 1874இல் குஸ்மௌல் விவரித்த ஆழ்ந்த பெருமூச்சு இதன் அறிகுறி. மாவுச்சத்தைக் குறைத்தால் எவர் உடலிலும் சிறிது கீட்டோன் தோன்றும். சுரக்கும் இன்சுலின் அதனை அளவில் நிறுத்தும். முதல் வகையினருக்கு அக்காவலை ஊசியே செய்கிறது. ஒரு வேளையும் உண்ணாதிருந்தாலும் அடிப்படை இன்சுலின் அவர்களுக்கு வேண்டும்.

மருந்து வந்தபின் சோறும் ரொட்டியும் மீண்டும் இலையேறின. 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுப் பிரிவைத் தொடங்கிய மருத்துவர் மு. விசுவநாதன், பின்னாளில் இரண்டாம் வகையினருக்கு நார்ச்சத்துடன் கூடிய மாவுணவையே பரிந்துரைத்தார். மறுபுறம், 1946இல் பன்னிரண்டு வயதில் முதல் வகை நோயுற்ற ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்னும் அமெரிக்கப் பொறியாளர், 1969இல் குருதிச் சர்க்கரை காட்டும் கருவியொன்றைப் பெற்றுத் தம்மைத் தாமே அளந்தார். மாவுச்சத்தை நாளொன்றுக்கு 30 கிராமாகச் சுருக்கினார். ஊசியை விடவில்லை, குறைத்தார். நடுவயதில் மருத்துவம் பயின்று, 2025இல் தொண்ணூறாம் வயதில் மறைந்தார். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இம்முறையைக் கைக்கொண்ட 316 பேரின் சராசரி எச்பிஏ1சி 5.67 விழுக்காடு. வியக்கத்தக்க அளவுதான். ஆயினும் அவர்கள் தாமே முன்வந்த ஆர்வலர். எல்லார்க்கும் அது கைகூடும் எனக் கொள்ளுதல் பொருந்தாது. வளரும் பிள்ளைகளின் உயரமும் எடையும் தனியே கண்காணிக்கப்பட வேண்டும்.

லாபிஸ் போன்ற ஊரில் இதனைத் தொடங்குவது எளிதன்று. பர்மா அரிசியும் சயாம் அரிசியும் உண்டு வளர்ந்த தோட்டத்து மரபில் சோறே உணவு; பிற யாவும் அதற்குத் துணை. ஒரு கோப்பைச் சோற்றில் 45 கிராம் அளவு மாவுச்சத்து உண்டு. பெர்ன்ஸ்டைன் கணக்கில் அது ஒன்றரை நாளைக்குரியது. தோசையும் ரொட்டி சானாயும் சீனி கலந்த தே தாரிக்கும் நீங்கினால் முட்டை, மீன், கோழி, கீரை, தேங்காய்ப்பால் ஆகியவை எஞ்சும். ஜப்பானியர் காலத்தில் அரிசிக்கு மாற்றாக வந்த மரவள்ளிக்கிழங்கு இங்கே மாற்றாகாது, அதுவும் மாவே.

உணவைக் குறைத்துவிட்டுப் பழைய அளவு ஊசியையே போட்டால், அன்றே சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழ் இறங்கி நோயாளி மயங்கக் கூடும். ஆகவே ஊசி அளவை மாற்றும் திட்டம் மருத்துவரிடம் எழுதி வாங்கப்பட்ட பின்னரே முதல் நாள் சோறு குறைய வேண்டும். கல்லீரலின் சர்க்கரை இருப்பும் இப்பத்தியத்தில் குறைவதால், மயக்கத்திற்குப் போடும் குளுக்ககான் ஊசி முழுப்பயன் தராமலும் போகலாம். சர்க்கரை அளக்கும் கருவியோடு கீட்டோன் அளக்கும் பட்டையும் வீட்டில் இருத்தல் வேண்டும். வாந்தி, வயிற்றுவலி, பெருமூச்சு தோன்றினாலோ, குருதியில் கீட்டோன் 3 மில்லிமோலை எட்டினாலோ, சர்க்கரை ஓரளவே உயர்ந்திருந்தாலும் காலந்தாழ்த்தாமல் சிகாமட் மருத்துவமனை போன்ற பெருமருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மாவு குறைந்த உணவினருக்குச் சர்க்கரை மிக ஏறாமலே குருதி புளிப்பதுண்டு என்பதால், உண்ணும் முறையையும் அங்கே முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.