நடையை எழுதிய காலணிகள்

'நடை' என்ற சொல்லை நாம் மொழிக்கும் ஆள்கிறோம், காலுக்கும் ஆள்கிறோம். மொழிநடை கொண்டு ஆசிரியரை இனங்காண்பது நம் வகுப்பறை வழக்கம். (மற்றதைக் 'கால்நடை' என்றால் ஆடுமாடுகள் வந்து நிற்கும், எனவே நடை என்றே கொள்வோம்.) அந்நடையைக் கொண்டு உடற்குறையை உணரும் காலணிகள் இன்று வந்துள்ளன. பாதம் படியும் இன்சோலில் அழுத்தமானிகளைப் பதித்து, அவை தரும் எண்களைச் செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைக்கிறார்கள். இதைப் புத்தம் புதியதெனப் போற்றுவோர் பலர். நாம் அறிந்தவரை இதன் வரலாறு ஒன்றரை நூற்றாண்டு நீள்வது. அதில் வேலூருக்கும் பங்குண்டு.

பிரெஞ்சு உடலியலாளர் எத்தியேன் ஜூல் மாரேயின் ஆய்வு வட்டத்தைச் சேர்ந்த கார்லே, 1872இல் காலணியின் அடியில் காற்றறைகள் அமைத்தார். பாதம் ஊன்றுகையில் காற்று நசுங்கி, ரப்பர்க் குழாய் வழியே சென்று ஓர் ஊசியை அசைக்கும். புகைக்கரி படிந்த தாளில் அவ்வூசி கோடிழுக்கும். நடை முதன்முதலாகத் தன்னைத் தானே எழுதிக்கொண்டது இவ்வாறுதான் எனலாம்.

வேலூருக்கு வருவோம். 1914இல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் தசை தானே அழுகி உதிர்கிறது என்றே அந்நாளில் பலரும் நம்பினர். புண்ணுக்குக் காரணம் உணர்விழப்பே என்று அவர் கண்டார். நமக்குக் கால் வலித்தால் நம்மை அறியாமலே ஊன்றும் இடத்தை மாற்றிக்கொள்கிறோம்; வலியறியாதவர் புண்பட்ட இடத்தின் மீதே மீண்டும் மீண்டும் ஊன்றி நடப்பார். வேலூரிலும் கரிகிரியிலும் அத்தகையோருக்காக நுண்துளை ரப்பர்ச் செருப்புகள் உருவாயின. நம் பாடநூல்கள் இச்செருப்புகளுக்கு ஒரு பத்தியேனும் ஒதுக்கியிருக்கலாம்.

1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், சாய நுண்குமிழ்கள் பொதிந்த காலுறைகளை அங்கே சோதித்தார். அழுத்தம் மிகுந்த இடத்தில் குமிழ்கள் உடைந்து நீலம் பரவும். புண் வரவிருக்கும் இடம் முன்கூட்டியே தெரியும். பின்னர்ச் செயற்கை வலியையே உண்டாக்க முனைந்தார். கையுறையிலும் காலுறையிலும் உணரிகள் வைத்து, அழுத்தம் மிகும்போது ஒலியெழச் செய்தார். நோயாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. உணர்வுள்ள அக்குளில் மின்னதிர்ச்சி தந்தபோதோ, செய்ய விரும்பிய வேலைக்கு இடையூறாகிறதென்று கருவியையே நிறுத்திவிட்டனர். பல ஆண்டு உழைப்பு கைவிடப்பட்டது. கருவி தவறாக அளந்ததாக எவரும் சொல்லவில்லை என்பதை நாம் கருத்திற் கொள்ள வேண்டும்.

இன்றைய இன்சோல்களும் பெரிதும் நாடுவது பாத உணர்விழந்தோரையே. இம்முறை நீரிழிவு நோயாளரை. மான்செஸ்டரில் நடந்து 2019இல் வெளியான ஆய்வொன்றில், ஏற்கெனவே பாதப்புண் வந்து ஆறியவர்கள் அழுத்தமானி இன்சோல் அணிந்தனர். ஒரு சாராருக்கு, அழுத்தம் நீடித்தபோது கைக்கடிகாரம் எச்சரிக்கை தந்தது. மறுசாராரின் இன்சோல் பதிவு மட்டும் செய்தது. எச்சரிக்கை பெற்றோரிடம் மீண்டும் புண் வருவது 71 விழுக்காடு குறைந்தது. சிறிய ஆய்வுதான்; ஆயினும் பிராண்டின் நோயாளிகளை நினைக்கையில் அதன் மற்றொரு முடிவே நம்மை ஈர்க்கிறது: நாள்தோறும் அதிக நேரம் அணிந்திருந்தோரிடம் பயன் இன்னும் கூடுதலாக இருந்தது.