400 கலோரி: பட்டினி விற்பனைக்கு வந்த கதை

1988 நவம்பர் 15. அமெரிக்கத் தொலைக்காட்சியில் தன் நிகழ்ச்சியைத் தொடங்கிய ஓப்ரா வின்ஃப்ரே, ஒரு சின்ன சிவப்பு வண்டியை மேடைக்கு இழுத்து வந்தார். வண்டிக்குள் பிளாஸ்டிக் பையில் 67 பவுண்டு கொழுப்பு இருந்தது. ஏறக்குறைய 30 கிலோ. அது அவர் உடலிலிருந்து குறைந்த எடைக்குச் சமம். சுமார் நான்கு மாதங்கள் அவர் சோறு, ரொட்டி, காய்கறி எதையும் தொடவில்லை. 'ஆப்டிஃபாஸ்ட்' என்ற பவுடரைக் கரைத்துக் குடித்தே எடையைக் குறைத்திருந்தார். நிகழ்ச்சி முடிந்ததும் அந்தப் பவுடரைப் பற்றி விசாரித்துத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன.

அப்போது பலருக்கும் ஒரு விஷயம் ஞாபகத்துக்கு வரவில்லை. அதற்குப் பதினோரு வருடங்களுக்கு முன்புதான், அதே நாட்டில், இதே மாதிரி திரவ உணவை மட்டும் குடித்து எடை குறைத்தவர்கள் திடீர் திடீரென்று செத்து விழுந்தார்கள். பத்திரிகைகளில் தலைப்புச் செய்தியாக வந்த விஷயம் அது. இருந்தும் மறந்துபோனது. மிகக் குறைந்த கலோரி டயட்டின் நூறாண்டு வரலாறு முழுக்க இந்த மறதிதான் திரும்பத் திரும்ப வருகிறது.

கணக்கு எங்கே தொடங்கியது?

உணவைக் கலோரியால் அளக்கும் பழக்கம் ரொம்பப் பழையது அல்ல. கலோரி என்பது முதலில் வெப்பத்தின் அளவு மட்டுமே. 1890களில் அமெரிக்க விஞ்ஞானி வில்பர் அட்வாட்டர், எந்த உணவில் எவ்வளவு சக்தி இருக்கிறது, மனித உடல் எவ்வளவு செலவழிக்கிறது என்று விரிவாக அளந்தார். அவருடைய அக்கறை எடை குறைப்பு பற்றியது அல்ல. ஏழைத் தொழிலாளிகள் குறைந்த காசில் போதுமான சக்தியை எப்படிப் பெறலாம் என்பதுதான் அவர் கேள்வி.

அந்தக் கணக்கைத் தலைகீழாகத் திருப்பியவர் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த லூலூ ஹன்ட் பீட்டர்ஸ் என்ற பெண் மருத்துவர். 1918ல் அவர் எழுதிய 'டயட் அண்ட் ஹெல்த்' என்ற சிறிய புத்தகம், ஒரு துண்டு ரொட்டி என்று நினைக்காதீர்கள், இத்தனை கலோரி ரொட்டி என்று நினையுங்கள் என்று வாசகர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. எடை குறைக்க விரும்புபவர்களுக்கு அவர் வைத்த அளவு ஒரு நாளைக்கு 1,200 கலோரி. முதல் உலகப்போர் நடந்த நேரம் அது. உணவை மிச்சப்படுத்துவது தேசபக்தி என்று பிரசாரம் நடந்ததால், குறைவாகச் சாப்பிடுவதற்கு ஒரு கௌரவமும் சேர்ந்துகொண்டது. புத்தகம் சுமார் 20 லட்சம் பிரதிகள் விற்றது.

எடையை ஓர் எண்ணாக்கி, உணவையும் ஓர் எண்ணாக்கிய பிறகு அடுத்த கேள்வி தானாகவே வரும். 1,200ல் மெதுவாகக் குறைகிறது என்றால் 600ல் வேகமாகக் குறையுமே? 1920களின் கடைசியில் 'ஹாலிவுட் 18 நாள் டயட்' பரவியது. பம்பளிமாசுக்கு உறவான கிரேப்ஃப்ரூட் பழம், முட்டை, காய்ந்த ரொட்டி, கொஞ்சம் காய்கறி. ஒரு நாளைக்கு 585 கலோரி. சினிமா நட்சத்திரங்களின் ரகசியம் என்ற பெயரே அதற்குப் போதுமான விளம்பரமாக இருந்தது.

மினசோட்டாவில் 36 பேர்

குறைந்த உணவு உடலை என்ன செய்யும் என்பதை முறையாகப் பார்த்த மிக முக்கியமான ஆராய்ச்சி, எடை குறைப்புக்காக நடந்ததே அல்ல. இரண்டாம் உலகப்போரின் முடிவில் ஐரோப்பாவில் பட்டினியால் வாடியவர்களை எப்படி மீட்டெடுப்பது என்று தெரிய வேண்டியிருந்தது. அதற்காக ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி 1944 நவம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். மனசாட்சியின் பேரில் ராணுவத்தில் சேர மறுத்த 36 இளைஞர்கள் அதற்குத் தாமாக முன்வந்தார்கள்.

முதலில் வழக்கமான உணவு. அதன் பிறகு 24 வாரங்களுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 1,570 கலோரி மட்டும். பீட்டர்ஸ் சொன்ன 1,200ஐ விட இது அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் இவர்கள் நல்ல உடல்கட்டுள்ள இளைஞர்கள். வாரத்துக்கு 22 மைல், அதாவது சுமார் 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும். அதனால் அவர்களுக்கு இது கடுமையான பற்றாக்குறைதான்.

அவர்கள் தங்கள் எடையில் சுமார் கால் பங்கை இழந்தார்கள். இதயத்துடிப்பு குறைந்தது. கோடைக்காலத்திலும் குளிர் எடுத்தது. படிக்கட்டு ஏறுவதே பெரும்பாடு ஆனது. அதைவிட ஆச்சரியம் மனதில் நடந்த மாற்றம். நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், கனவு கண்டார்கள். சமையலில் ஆர்வமே இல்லாதவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். தட்டை நக்கினார்கள். சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் எரிச்சலும் சோர்வுமாக ஒதுங்கினார்கள்.

உணவு மீண்டும் கிடைத்தபோது இன்னொரு விஷயம் தெரியவந்தது. பலருக்கும் வயிறு நிறைந்த பிறகும் பசி அடங்கவில்லை. கொழுப்பு முதலில் திரும்பியது, தசை பிறகுதான். சிலருக்குப் பழைய அளவையும் தாண்டிக் கொழுப்பு சேர்ந்தது. உடல் பட்டினியைப் பட்டினியாகத்தான் பார்க்கிறது. அது போரினால் வந்ததா, டயட்டினால் வந்ததா என்று அதற்குத் தெரியாது. 1950ல் இந்த முடிவுகள் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளிவந்தன. ஆனால் டயட் புத்தகம் வாங்கியவர்கள் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து கடைக்கு

1954ல் ஏ.டி.டபிள்யூ. சிமியன்ஸ் என்ற மருத்துவர் 'லான்செட்' இதழில் ஒரு புதிய முறையை எழுதினார். இவர் பல வருடங்கள் பம்பாயில் மருத்துவராக இருந்துவிட்டு ரோம் நகருக்குப் போனவர். கர்ப்பிணிகளின் உடலில் சுரக்கும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோனை ஊசியாகப் போட்டு, ஒரு நாளைக்கு 500 கலோரி மட்டும் கொடுப்பது அவர் முறை. ஊசியால் பசியே தெரியாது, தேவையற்ற இடத்துக் கொழுப்பு மட்டும் கரையும் என்றார். பின்னர் வந்த பரிசோதனைகளில் வெறும் தண்ணீர் ஊசி போட்டவர்களுக்கும் அதே அளவு எடைதான் குறைந்தது. குறைத்தது ஹார்மோன் அல்ல, 500 கலோரிதான். ஆனாலும் அந்த டயட் சாகவில்லை. 2011ல் கூட அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், எச்.சி.ஜி. சொட்டுமருந்து விற்ற நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டியிருந்தது.

1960களில் மிகப் பருமனானவர்களை ஆஸ்பத்திரியில் வைத்து முழுப் பட்டினி போடும் சிகிச்சையும் நடந்தது. எடை வேகமாகக் குறைந்தது. ஆனால் கொழுப்போடு தசையும் கரைந்தது. இதைத் தடுக்க பாஸ்டனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளாக்பர்ன் 1970களின் ஆரம்பத்தில் ஒரு வழி கண்டார். கலோரியைக் குறைத்தாலும், இறைச்சி, மீன், முட்டை போன்ற தரமான புரதத்தைக் கொடுப்பது, பொட்டாசியம் போன்ற தாதுக்களைச் சேர்ப்பது, மருத்துவர் தொடர்ந்து பரிசோதிப்பது. மூன்றும் சேர்ந்ததுதான் சிகிச்சை.

இந்த மூன்றையும் கழற்றிவிட்டு, 'கலோரியைக் குறை, புரதம் குடி' என்ற ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டது சந்தை.

1977

பென்சில்வேனியாவைச் சேர்ந்த ராபர்ட் லின் என்ற மருத்துவர் 1976ல் 'தி லாஸ்ட் சான்ஸ் டயட்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். 'கடைசி வாய்ப்பு' என்று பொருள். எத்தனையோ டயட் இருந்து தோற்றுப்போனவர்களைக் குறிவைத்த பெயர். சாப்பாட்டை அடியோடு நிறுத்திவிட்டு, ஒரு புரதத் திரவத்தை மட்டும் குடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு 400 கலோரிக்கும் கீழே. புத்தகம் 20 லட்சத்துக்கு மேல் விற்றது. சீக்கிரமே வேறு பல நிறுவனங்களும் இதே மாதிரி திரவத்தைச் செய்து மருந்துக்கடைகளில் விற்றன. வாங்க மருத்துவரின் சீட்டு எதுவும் தேவையில்லை.

அந்தத் திரவம் எதிலிருந்து வந்தது? இறைச்சிக் கூடத்தில் மிஞ்சும் தோல், தசைநார், எலும்பு, குளம்பு ஆகியவற்றைக் காய்ச்சிக் கரைத்து, நிறமும் இனிப்பும் மணமும் சேர்த்தது. அதில் இருந்தது கொலாஜன் வகைப் புரதம். உடலுக்கு அவசியமான டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் அதில் இல்லவே இல்லை. லேபிளில் 'புரதம்' என்று இருக்கும். ஆனால் தசையைக் காப்பாற்றும் தரம் அதற்குக் கிடையாது. இதயமும் ஒரு தசைதான்.

1977ல் மரணச் செய்திகள் வரத் தொடங்கின. 1978க்குள் 58 மரணங்கள் பதிவாயின. அவற்றை நுணுக்கமாக ஆராய்ந்தபோது, 17 பேருக்குப் பருமனைத் தவிர மரணத்துக்குக் காரணமாகும் வேறு நோய் எதுவும் இருந்திருக்கவில்லை. பெரும்பாலும் பெண்கள். மாதக்கணக்கில் அந்தத் திரவத்தைக் குடித்து நிறைய எடை குறைத்தவர்கள். அதாவது, டயட்டைச் சரியாகக் கடைப்பிடித்தவர்கள். மருத்துவரின் கண்காணிப்பில் இருந்தவர்களும் அவர்களில் உண்டு. திடீரென மயக்கம், இதயத்துடிப்பு தாறுமாறாகிப் போவது, மரணம். இ.சி.ஜி.யில் இதயத்தின் மின்னோட்டம் இயல்பைவிட நீண்டுபோயிருந்தது தெரிந்தது.

இங்கேதான் நெஞ்சை உறுத்தும் ஒரு விஷயம் இருக்கிறது. டயட்டைப் பாதியில் விட்டவர்கள் தங்களுக்கு மன உறுதி இல்லை என்று வெட்கப்பட்டிருப்பார்கள். மன உறுதியோடு கடைசிவரை இருந்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகமாக இருந்தது.

அரசு எச்சரிக்கை விடுத்தது, விற்பனை சரிந்தது. பின்னர் இத்தகைய புரதப் பொருட்களின் லேபிளில், 400 கலோரிக்குக் கீழான டயட் கடுமையான நோயையோ மரணத்தையோ உண்டாக்கலாம் என்று அச்சிட வேண்டும் என விதி வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

புதிய மொந்தை, பழைய கள்

1980ல் அடுத்தது வந்துவிட்டது. இங்கிலாந்தில் ஆலன் ஹோவர்ட் உருவாக்கிய 'கேம்பிரிட்ஜ் டயட்' அமெரிக்காவில் விற்பனைக்கு இறங்கியது. ஒரு நாளைக்கு 330 கலோரி. பால் புரதம், வைட்டமின், தாதுக்கள் எல்லாம் சேர்த்திருந்ததால் பழைய திரவத்தைவிட நிச்சயம் மேலானது. ஆனால் விற்றவர்கள் அக்கம்பக்கத்துச் சாதாரண மனிதர்கள். அவர்களே ஆலோசகர்கள்.

அதன் பிறகுதான் ஓப்ராவின் சிவப்பு வண்டி. ஆப்டிஃபாஸ்ட் மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கப்பட்டது, புரதமும் தரமானது. 1977 போன்ற மரண வரிசை அதில் இல்லை. ஆனால் வேறொரு உண்மை வெளிப்பட்டது. சாதாரணச் சாப்பாட்டுக்குத் திரும்பிய இரண்டே வாரங்களில் 10 பவுண்டு ஏறிவிட்டதாக ஓப்ராவே பின்னாளில் சொன்னார். மீதியும் மெல்லத் திரும்பியது. பழைய குருடி கதவைத் திறடி! 1991ல் அமெரிக்க வர்த்தக ஆணையம், ஆப்டிஃபாஸ்ட் உள்ளிட்ட மூன்று திரவ டயட் திட்டங்கள் பாதுகாப்பு பற்றியும் எடை நிலைப்பது பற்றியும் ஆதாரமில்லாத விளம்பரம் செய்ததாகக் குற்றம்சாட்டியது. நிறுவனங்கள் அந்த விளம்பரங்களைத் தொடர மாட்டோம் என்று சமரசம் செய்துகொண்டன.

ஏன் மறுபடி மறுபடி?

காரணம் முதல் வாரத்தில் இருக்கிறது. உடலில் கல்லீரலும் தசையும் சேர்ந்து சுமார் அரை கிலோ கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கும். ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். உணவை வெட்டியதும் இந்தச் சேமிப்பு காலியாகி, தண்ணீரும் வெளியேறிவிடும். எடை மெஷினில் இரண்டு கிலோ குறைந்து காட்டும். கொழுப்பு அதில் கொஞ்சம்தான். ஆனால் ஆளுக்கு நம்பிக்கை வந்துவிடும். பக்கத்து வீட்டாரிடம் சொல்வதும் அந்த வாரத்தில்தான். எடை திரும்பி வரும்போது யாரும் யாரிடமும் சொல்வதில்லை. விளம்பரம் ஊரறிய நடக்கிறது, தோல்வி வீட்டுக்குள் நடக்கிறது. எனவே அடுத்த டயட் வரும்போது ஊருக்கு எதுவும் ஞாபகம் இருப்பதில்லை.

அப்படியானால் குறைந்த கலோரி டயட்டே மோசடியா? அப்படியும் சொல்லிவிட முடியாது. பிரிட்டனில் நடந்த 'டைரக்ட்' என்ற ஆய்வின் முடிவுகள் 2017ல் வெளியாயின. டைப் 2 சர்க்கரை நோயாளிகளுக்கு 3 முதல் 5 மாதங்கள் வரை ஒரு நாளைக்கு 825 முதல் 853 கலோரி கொண்ட திரவ உணவு மட்டும் கொடுத்தார்கள். ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேருக்கு மருந்தே இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 4 சதவீதம் பேருக்குத்தான் அப்படி ஆனது. இதில் வேடிக்கை, அந்தப் பவுடரைத் தந்தது பழைய கேம்பிரிட்ஜ் டயட்டின் வாரிசு நிறுவனம்.

பொருள் ஏறக்குறைய அதேதான். சுற்றி இருந்த ஏற்பாடுதான் வேறு. நோயாளியைத் தேர்ந்தெடுத்தார்கள். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் கொடுத்த மருந்துகளை முதல் நாளே நிறுத்திக் கண்காணித்தார்கள். சாதாரண உணவுக்குப் படிப்படியாகத் திருப்பினார்கள். அதன் பிறகும் மாதாமாதம் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அப்படி இருந்தும் இரண்டாம் வருடத்தில் 46 சதவீதம் 36 ஆகக் குறைந்தது.

பிளாக்பர்ன் 1970களில் சொன்னதும் இதைத்தான். தரமான புரதம், தாதுக்கள், கூடவே இருக்கும் மருத்துவர். இதில் முதல் இரண்டை டப்பாவில் அடைக்க முடியும். மூன்றாவதை முடியாது. 1977ல் மூன்றுமே இல்லாமல் ஒரு பாட்டில் விற்றது, அதை நம்பி ஒழுங்காகக் குடித்தவர்கள் உயிரை விட்டார்கள். 'ஒரே வாரத்தில் இத்தனை கிலோ' என்று அடுத்த டப்பா கடைக்கு வரும்போது, முதல் வாரத்தை விட்டுவிட்டு, அதைக் குடித்தவர்கள் இரண்டாம் வருடத்தில் எப்படி இருந்தார்கள் என்று கேட்பதே சரியான கேள்வி.