பொதுக் கணிப்பொறியும் காப்புப் படியும்

புனேயிலும் பெங்களூரிலும் கான்பூரிலும் கரக்பூரிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில், ஆராய்ச்சி மாணவராக ஒரு மகனோ மகளோ இருத்தல் இன்று அரிதன்று. அவர்தம் மேசைமேல் இருப்பது சிறிய கணிப்பொறியே. ஆயினும் பெரிய கணக்குகளை அவர் அதில் இடுவதில்லை. வாரணாசியில் 2019ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'பரம் சிவாய்' போன்ற பெருங்கணிப்பொறி ஒன்றுக்கு அவற்றை அனுப்புகிறார். விடையும் அங்கேயே கோப்பாகத் தங்குகிறது. பலருக்கும் பொதுவான அந்தக் களஞ்சியத்தில் ஒருவரது கோப்பு அழிந்துபோனால் பொறுப்பு யாருடையது? களஞ்சியக்காரருடையதா, பொருளை வைத்தவருடையதா? இவ்வழக்கின் வரலாற்றையே இன்று எடுத்துக்கொள்கிறோம்.

கணிப்பொறி தோன்றிய நாளில் இவ்வழக்கு எழவில்லை. துளையிட்ட அட்டைகளைக் கட்டாகக் கட்டி ஆராய்ச்சியாளர் தாமே கொண்டு வந்தார். கணக்கு முடிந்ததும் அட்டைக் கட்டையும் அச்சான தாளையும் தாமே எடுத்துச் சென்றார். பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1964ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற சி.டி.சி. 3600 பொறியை நாடிய வெளி நிறுவனத்தாரும் அட்டைக் கட்டுகளோடுதான் வந்தனர். வழியில் கட்டு நனைந்தால் நட்டம் கொணர்ந்தவருடையது. பம்பாய் மழையை அறிந்தவர்களுக்கு இது வெறுங் கற்பனையாகத் தோன்றாது.

இந்நிலையை மாற்றியது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம். 1961ஆம் ஆண்டு நவம்பரில், பெர்னாண்டோ கார்பட்டோ என்னும் அறிஞரும் அவருடைய தோழர்களும் ஒரே பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டினர். சி.டி.எஸ்.எஸ். என்பது அதன் பெயர். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பயனாளரின் கோப்புகள் அனைத்தும் பொறியோடு இணைந்த காந்தத் தட்டுகளிலேயே தங்கலாயின. ஒவ்வொருவருக்கும் இவ்வளவு இடம், இவ்வளவு நேரம் எனப் பங்கீடு வகுத்தனர். ஆளுக்கொரு கடவுச்சொல்லும் கொடுத்தனர். இவ்வாறு கோப்பு உரியவரின் கையைவிட்டு அகன்றது.

தனித்தனி அறைகள் வகுத்தாயிற்று, இனிக் கலப்பு நேராது என எண்ணியிருந்தனர். 1966ஆம் ஆண்டு நிகழ்ந்தது வேறு. நிர்வாகிகள் இருவர் ஒரே வேளையில் இரு கோப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தனர். ஒருவர் கையில் இருந்தது, பயனாளர் உள்ளே நுழையும்போது தோன்றும் அன்றாட அறிவிப்பு. மற்றவர் கையில் இருந்தது, அனைவருடைய கடவுச்சொற்களும் அடங்கிய பட்டியல். திருத்தும் கருவி தன் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரைத்தான் இடும். ஓரறையில் ஒருவரே வேலை செய்வார் என்ற எண்ணத்தில் அமைந்த கருவி அது. இருவரும் ஒரே அறையில் இருந்தமையால் இரு கோப்புகளும் இடம் மாறின. அதன்பின் உள்ளே நுழைந்தவர் ஒவ்வொருவருக்கும், வணக்கவுரைக்கு மாறாக, ஊரார் அனைவருடைய கடவுச்சொல்லும் வரிசையாகக் காட்சியளித்தது! டூரிங் பரிசு பெற்றபோது கார்பட்டோ ஆற்றிய உரையில், இந்நிகழ்ச்சியை ஒளிக்காமல் எடுத்துரைத்திருக்கிறார். அதில் பொறி பழுதுபடவில்லை என்பதை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன். பொது இடத்தில் இரு கைகள் ஒரே பெயரைத் தொட்டன, அவ்வளவே.

தட்டுகள் பழுதாவதும் உண்டு. அதற்கு மாற்று, படி எடுத்து வைத்தல். நாள்தோறும் அனைத்தையும் படியெடுப்பது பெருஞ்சுமை. ஆகவே, முன்பு எடுத்த படிக்குப் பின் மாறியவற்றை மட்டும் காந்த நாடாவில் பதிந்து வைக்கும் முறை உருவாயிற்று. சி.டி.எஸ்.எஸ்.ஸுக்குப் பின் எழுந்த மல்டிக்ஸ் என்னும் அமைப்பிற்காக டேலி, நியூமன் இருவரும் 1965இல் வெளியிட்ட கட்டுரை இதனை விரித்துரைக்கிறது. நெடுநாள் தீண்டப்படாத கோப்பை மெதுவான சேமிப்புக்கு இறக்கிவிட்டு, விரைவான இடத்தை ஒழித்துத் தருவதும் அதிலேயே உண்டு.

கோப்புகள் பெருகிய பிறகு, எல்லாவற்றுக்கும் படி எடுத்தல் இயலாததாயிற்று. பெருங்கணிப்பொறி நிலையங்கள் இடத்தை இரண்டாகப் பிரித்தன. 'ஹோம்' என்பது சிறிய வீடு. பெரும்பாலும் இதற்குப் படி உண்டு. 'ஸ்கிராட்ச்' என்பது பரந்த வேலைக்களம். பல தட்டுகளில் கோப்பைத் துண்டாக்கிப் பரப்பி மிக விரைவாக எழுதவும் படிக்கவும் வல்லது. ஆனால் அங்குள்ளவற்றுக்குப் பெரும்பாலும் படி இராது. குறித்த நாட்கள் தீண்டப்படாமல் கிடந்தவற்றை நிலையமே நீக்கிவிடுவதும் வழக்கம். நம் ஊர்ச் சத்திரத்தை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். வழிப்போக்கர் தங்கலாம், சமைத்துண்ணலாம். மூட்டையைப் போட்டுவிட்டு மறு ஆண்டு வந்து கேட்டால் மணியக்காரர் என்ன செய்வார்? ஆயினும் புதிதாக வரும் மாணவருக்கு இரண்டும் ஒரே திரையில் ஒரே தோற்றத்தில்தான் தெரிகின்றன. விதிகளைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டால் போதும் என நிலையங்கள் கருதுவது எனக்கு உடன்பாடன்று.

நன்கு பேணப்பட்ட ஓர் இடத்திலேயே, படி எடுக்கும் வேலையே கோப்புகளை அழித்த செய்தி ஒன்றும் உண்டு. ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்துப் பெருங்கணிப்பொறியில், 2021ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் மாலை முதல் 16ஆம் நாள் நண்பகல் வரை, ஏறத்தாழ 43 மணி நேரம் கோப்புகள் ஓசையின்றி மறைந்துகொண்டிருந்தன. மொத்தம் 77 டெராபைட். கோப்பின் எண்ணிக்கையோ ஏறத்தாழ 3 கோடியே 40 லட்சம். 14 ஆராய்ச்சிக் குழுக்கள் இழப்புக்குள்ளாயின.

காரணம் இது. படி எடுக்கும் ஆணைத்தொடரில், பத்து நாளுக்கு மேற்பட்ட பழைய குறிப்பேடுகளை நீக்கும் பகுதி ஒன்று இருந்தது. பொறியை அளித்த நிறுவனம் அத்தொடரைத் திருத்தி, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பழையதன்மேல் புதியதை எழுதிவிட்டது. அவ்வகைத் தொடரைப் பொறி முழுதும் படித்து மனத்தில் இருத்திக்கொள்வதில்லை. சிறிது சிறிதாகப் படித்துக்கொண்டே செல்லும். வானொலி நிலையத்தில் ஒருவர் செய்தித்தாளின் பாதியை வாசித்துக்கொண்டிருக்கையில், மற்றொருவர் அத்தாளை உருவிவிட்டு வேறு தாளை வைத்ததாகக் கொள்ளுங்கள். வாசிப்பவர் புதிய தாளின் நடுவிலிருந்து தொடர்வார். "மேற்கூறிய அறையில் உள்ள பழையவற்றை நீக்குக" என்பது அங்கிருக்கும். மேலே எந்த அறை கூறப்பட்டது என்பதை அவர் படிக்கவேயில்லை. அறையின் பெயர் வெறுமையாய் நின்றது. எனவே, குறிப்பேட்டு அறைக்கு மாறாக ஆராய்ச்சியாளரின் களஞ்சியம் முழுவதிலும் பழையவை நீக்கப்பட்டன.

இதில் வருந்தத்தக்கது யாதெனில், அன்றாடம் தொட்டுவந்த கோப்புகள் தப்பின. டிசம்பர் 3ஆம் நாளுக்குப் பின் மாற்றம் பெறாதவையே போயின. முடிந்துவிட்டது, இனித் தொட வேண்டியதில்லை என்று ஒதுக்கி வைத்திருந்த விளைவுகளே அவை. கார்பட்டோவின் காலத்துக்கு 55 ஆண்டுகள் பின்னரும், ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருந்த கோப்பின்மேல் மற்றொரு கை விழுந்ததே இங்கும் நேர்ந்தது.

நிறுவனம் முழுப் பொறுப்பும் தன்னுடையதே என ஒப்புக்கொண்டு அறிக்கை வெளியிட்டது. பொறுப்பு ஏற்கப்பட்டதால் கோப்பு மீளவில்லை. 14 குழுக்களில் 10 குழுக்களின் கோப்புகள் படியிலிருந்து மீட்கப்பட்டன. நான்கு குழுக்களுடையவை மீட்க இயலாதவை என அறிவிக்கப்பட்டன. படி எடுக்கும் வேலையைப் பல்கலைக்கழகம் அப்போதைக்கு நிறுத்தி வைத்தது. உள்ளதை உள்ளபடி காட்டும் கண்ணாடிப் படியோடு நில்லாமல், மாறியவற்றைத் தனியே பதிந்து சில காலம் வைத்திருக்கும் முறையையும் கொணர்வதாகக் கூறியது. கண்ணாடிப் படியில் அழிவும் அப்படியே படியும் அன்றோ? முக்கியமான கோப்புகளை வேறோர் இடத்திலும் வைத்துக்கொள்ளுமாறு பயனாளருக்கும் அது எழுதியது.