சிறு மின்னாக்கச் சாதனங்களுக்கான காற்றுத்தூய்மை அனுமதி விதிகள் (கலிபோர்னியா)

மின்சாரம் தேவைப்படும் இடத்திலேயே அதனை உண்டாக்கிக்கொள்ளும் பொருட்டு மருத்துவமனை, தொழிற்சாலை, விடுதி முதலியவற்றில் நிறுவப்படும் எஞ்சின், சிறு டர்பைன், எரிபொருள் மின்கலம் ஆகியவற்றின் புகைக்கு எல்லை வகுத்து, அவ்வெல்லைக்கு உட்பட்டவற்றுக்கே இயங்கும் உரிமையளிக்கும் சட்டதிட்டங்கள் இவை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பல மாநிலங்கள் இத்தகைய விதிகளைத் தாமே வகுத்துக்கொண்டன. அவற்றுள் கலிபோர்னியாவின் வரலாறு, சிறியது என்பதனாலேயே விலக்குப் பெற்ற யந்திரம் நாளடைவில் பெரிய மின்நிலையத்துக்குரிய பிரமாணத்தாலேயே அளக்கப்படலான வரலாறாகும்.

தோற்றம்

1943ஆம் ஆண்டுக் கோடையில் லாஸ் ஏஞ்சலஸ் நகரைக் கண்ணெரிச்சலூட்டும் புகைமண்டலம் சூழ்ந்தது. அதன் விளைவாக 1947இல் அந்நகரம் அமைந்த கவுண்டியில் காற்று மாசுக் கட்டுப்பாட்டு மாவட்டம் என்னும் ஸ்தாபனம் ஏற்பட்டு, மாசு வெளியிடும் சாதனத்தை நிறுவுவதற்கும் இயக்குவதற்கும் முன்னனுமதி பெறவேண்டும் என்ற முறை வழக்குக்கு வந்தது. வாகனங்களும் ஆலைகளும் கக்கும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குவதே அப்புகையின் மூலம் என்பதை, ஹாலந்தில் பிறந்த ரசாயன அறிஞர் ஆரி ஹாகன்-ஸ்மித் 1950களின் தொடக்கத்தில் விளக்கினார். 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாநிலக் காற்று வள வாரியம் உருவானபோது அதன் முதல் தலைவராக அமர்ந்தவரும் அவரே. வாகனப் புகை வாரியத்தின் பொறுப்பாயிற்று; ஓரிடத்தில் நிலைபெற்ற யந்திரங்களுக்கு அனுமதியளிக்கும் அதிகாரம் உள்ளூர் மாவட்டங்களிடமே நின்றது. இன்று அவை 35.

சிறுமையின் விலக்கு

எல்லா யந்திரங்களுக்கும் விண்ணப்பம், பரிசோதனை, கட்டணம் என்று விதித்தால் நிர்வாகம் தாங்காது என்பதால், மாவட்டங்கள் ஒரு வரம்பை ஏற்படுத்தி, அதற்குக் கீழ்ப்பட்டவற்றை விட்டுவிட்டன. லாஸ் ஏஞ்சலஸை உள்ளடக்கிய தென்கரை மாவட்டத்தில் 50 குதிரைத்திறனுக்கு மேற்படாத எஞ்சின்கள் அவ்வாறு விலக்குப் பெற்றன. சிறு யந்திரங்கள் அரிதாகவும், பொதுமின்சாரம் நின்றபோது மட்டும் ஓடுவனவாகவும் இருந்தவரை இந்த ஏற்பாட்டில் பெருங்குறை தோன்றவில்லை. ஆனால் மின்நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கி ஊருக்கு மேலே கொண்டுபோய் விடுவதை, சிறு எஞ்சின் ஜன்னலுயரத்தில், மக்கள் நடமாடும் இடத்திலேயே விடுகிறது. அத்தகையவை பெருகி நாள்தோறும் ஓடத் தொடங்கினால், தனித்தனியே அற்பமானவை சேர்ந்து பெருந்தீங்காகும்.

2000ஆம் ஆண்டுச் சட்டம்

1996இல் மின்வணிகம் கட்டுப்பாட்டினின்று விடுவிக்கப்பட்டதும், 2000ஆம் ஆண்டுக் கோடையில் விலை ஏறியதும், பலரையும் சொந்த மின்னாக்கத்தின்பால் திருப்பின. அவ்வாண்டில் நிறைவேறிய செனட் மசோதா 1298 வாரியத்துக்கு இரு கடமைகளை விதித்தது: மாவட்ட அனுமதிக்கு உட்படாத சாதனங்களுக்குச் சான்றளிக்கும் முறையை அமைத்தல், அனுமதிக்கு உட்பட்டவை பற்றி மாவட்டங்களுக்கு வழிகாட்டுதல். மிகச் சிறந்த தடுப்புமுறை பூண்ட பெரிய மின்நிலையத்தின் தூய்மையையே சிறியதும் இயன்ற விரைவில் எய்தவேண்டும் என்பது சட்டத்தின் நோக்கம்.

வாரியம் 2001இல் வகுத்த விதி இரண்டு படிகளாக அமைந்தது. 2003 ஜனவரி 1 முதல், வீணாகும் வெப்பத்தைப் பயன்படுத்தாத சாதனம் ஒரு மெகாவாட்-மணி மின்சாரத்துக்கு 0.5 ராத்தலுக்கு மேல் நைட்ரஜன் ஆக்சைடு வெளியிடலாகாது. 2007 முதல் அவ்வெல்லை 0.07 ராத்தல், அதாவது ஏறத்தாழ 32 கிராம். கார்பன் மோனாக்சைடு 6 ராத்தலிலிருந்து 0.10 ஆகக் குறைக்கப்பட்டது. எரித்த எரிபொருளைக் கொண்டன்றி, விளைந்த மின்சாரத்தைக் கொண்டே மாசை அளந்தமையால், திறன் குறைந்த யந்திரம் தன் விரயத்தை மறைக்க இடமில்லாது போயிற்று. வீணாகும் வெப்பத்தால் நீர் சுடவைப்பது போன்ற பயன்கொண்டவருக்கு, அவ்வெப்பமும் மின்சாரத்தோடு வரவு வைக்கப்பட்டது. சான்று பெறுபவர் யந்திரத்தைச் செய்பவரே. ஒரு மாதிரியைச் சோதித்துத் தேறினால், அதனை வாங்குபவர் ஒவ்வொருவரும் தனியே சோதிக்க வேண்டுவதில்லை. எரிபொருள் மின்கலங்கள் இதில் எளிதில் தேறின. கழிவுநீர் நிலையங்களிலும் குப்பைமேடுகளிலும் கிடைக்கும் வாயுவை எரிப்பவற்றுக்கு மட்டும் கடுமையான படி 2013 வரை ஒத்திவைக்கப்பட்டது.

டீசல் யந்திரங்கள்

டீசல் புகையின் நுண்துகள்களை வாரியம் 1998இல் நச்சு மாசாக அறிவித்தது. 2004இல் ஏற்கப்பட்ட விதிப்படி, 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய அவசரகால எஞ்சினைப் பரீட்சைக்காகவும் பராமரிப்புக்காகவும் ஓட்டுவது பொதுவாக ஆண்டுக்கு 50 மணிநேரத்துக்கு மேற்படலாகாது. அவ்வெஞ்சினில், மீண்டும் பூச்சியத்துக்குத் திருப்ப இயலாத மணிகாட்டி ஒன்று பொருத்தப்பட்டிருத்தல் வேண்டும். பரீட்சைக்கு ஓடியது எவ்வளவு, மின்தடையில் ஓடியது எவ்வளவு என்று பிரித்தெழுதிய ஏடும், மணிகாட்டியின் எண்ணும் இணங்குகின்றனவா என்பதைப் பரிசோதகர் ஒத்துப்பார்க்கலாம்.

பிற்கால நிலை

2019இல் காட்டுத்தீ அச்சத்தால் மின்நிறுவனங்கள் பல பகுதிகளில் மின்சாரத்தை நிறுத்தியபோது, இல்லங்களில் பெட்ரோல் ஜெனரேட்டர்களின் தேவை பெருகியது. அனுமதி வரம்புகளுக்கு மிகக் கீழே நின்ற இவற்றை வாங்குபவரிடம் விண்ணப்பம் கேட்பது இயலாத காரியமாகையால், வாரியம் உற்பத்தியாளரையே கட்டுப்படுத்திற்று: 2021இல் அது ஏற்ற விதி, புதிதாகச் செய்யப்படும் எடுத்துச் செல்லத்தக்க ஜெனரேட்டர்களின் மாசெல்லையை 2024ஆம் ஆண்டு மாதிரிகளில் இறுக்கி, 2028 முதல் பூச்சியமென நிர்ணயிக்கிறது. பெரிய நிலையத்துக்கு ஒப்பாகவேண்டும் என்று சிறியதைக் கேட்டுத் தொடங்கிய முறை, மிகச் சிறியதிடம் அதனினும் கடுமையாகக் கேட்கலாயிற்று.