மேடையில் 1700, சம்பளச் சீட்டில் 1350: தோட்டச் சம்பள அறிவிப்பை எப்படி வாசிப்பது?

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் தேர்தல் மேடைகளில் எப்போதும் ஒற்றைத் தொகையாகவே சொல்லப்படுகிறது. பலாங்கொடைத் தோட்டத்து லயத்துக்கு வந்து சேரும்போது அது துண்டு துண்டாகியிருக்கும். சொன்ன தொகை முழுப் பொய்யும் அல்ல. அதனால்தான் இந்த ஏமாற்று ஒவ்வொரு தேர்தலிலும் எடுபடுகிறது.

தொகைகளின் கதை

2016 கூட்டு ஒப்பந்தச் சம்பளம் 730 ரூபா என்றார்கள். அடிப்படைச் சம்பளம் 500 மட்டுமே. வருகைக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப் பங்காக 30. வரவு குறைந்தால் 60 இல்லை. நிறை குறைந்தால் 140 இல்லை.

2020 ஜனவரியில், மார்ச் முதல் 1000 ரூபா என்று அரசாங்கம் அறிவித்தது. ஆகஸ்டில் பொதுத் தேர்தல் முடிந்தது. வர்த்தமானி வந்ததோ 2021 மார்ச்சில்: 900 அடிப்படை, 100 கொடுப்பனவு. அதன்பின் பல தோட்டங்களில் பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறை கூட்டப்பட்டது; வேலைநாட்கள் குறைக்கப்பட்டன.

2024 மே தினத்தன்று கொட்டகலையில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 1700 ரூபா என்றார். கம்பனிகள் வழக்குப் போட்டன. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில், ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன் வந்த வர்த்தமானியில் உறுதியானது 1350 மட்டுமே.

2025 நவம்பர் வரவு செலவுத் திட்டம் சொன்ன 1750 ரூபாவிலும் 200 ரூபா, அரசு கொடுக்கும் வருகைக் கொடுப்பனவு.

எங்கே வெட்டு விழுகிறது?

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு 'ஒரு பேர்' என்பார்கள். குறித்த நிறை கொழுந்து எடுக்காவிட்டால் 'அரைப் பேர்', அதாவது பாதிச் சம்பளம். 1977, 1983 வன்செயல்களால் சபரகமுவ தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்த குடும்பங்களுக்கு இந்தச் சொற்கள் பழக்கமானவை.

இழப்பு அன்றோடு முடிவதுமில்லை. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும் சேர்கின்றன. வருகை, ஊக்குவிப்புப் பணம் அந்தக் கணக்கில் வராது. மேடையில் கூடித் தெரியும் தொகை, முதுமையில் குறைந்தே கைக்கு வரும்.

கேட்கவேண்டியவை

அடுத்த அறிவிப்பு வரும்போது நான்கைக் கேளுங்கள்: இதில் அடிப்படை எவ்வளவு? வர்த்தமானி வந்துவிட்டதா? ஒரு பேருக்கு எத்தனை கிலோ? மாதத்தில் எத்தனை நாள் வேலை?

நுவரெலியாவைப்போலத் தமிழ் வாக்குகள் திரண்டிராத இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் இவற்றைத் தட்டிக்கேட்பது கடினம். அங்கே தொழிலாளியின் கையில் இருக்கும் ஒரே சாட்சி, மாதம் முடிந்து வரும் சம்பளச் சீட்டுத்தான்.